திருப்பந்தியும் நம் பங்கும்





நமது மருத்துவமனைக்காக ஜெபிக்கிறவர்களும் காணிக்கை கொடுத்துத் தாங்குகிறவர்களும் என்னைச் சந்திக்கும்போது சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதுண்டு. "ஐயா, வார்டில் திருவிருந்து கொடுக்கிறீர்களே, ரோமன் கத்தோலிக்க நோயாளிகளுக்கு என்ன செய்கிறீர்கள்? வாய்வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் என்ன செய்வீர்கள்? எல்லா மதத்தாரும் வரும் ஆஸ்பத்திரியில் திருவிருந்துக்கு என்ன இடம்?" இவை நல்ல கேள்விகள். இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், திருவிருந்து என்பது என்ன என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

பல பெயர்கள், ஒரே விருந்து

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்த விருந்தைப் பல பெயர்களால் அழைக்கிறோம். நம் தென்னிந்தியத் திருச்சபையில் திருவிருந்து என்றும், பரிசுத்த நற்கருணை என்றும் சொல்லுகிறோம். பெரியவர்கள் இன்றும் இராப்போஜனம் என்பார்கள். சகோதர சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் அப்பம் பிட்குதல் என்பார்கள். கடற்கரையூர்களில் உள்ள கத்தோலிக்க மக்கள் "நன்மை வாங்குதல்" என்பார்கள். பிள்ளைகள் முதன்முறை பெறுவது அவர்களுக்குப் புதுநன்மை.

ஒவ்வொரு பெயரும் ஓர் உண்மையைச் சொல்லுகிறது. இராப்போஜனம் என்பது, ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவை நினைவுபடுத்துகிறது. நற்கருணை என்பது, நாம் சம்பாதியாத கிருபையைச் சுட்டுகிறது. அப்பம் பிட்குதல் என்பது, பிட்கப்படாத அப்பத்தைப் பகிர முடியாது என்பதைக் காட்டுகிறது. ஆனால் இவற்றோடு இன்னொரு சொல்லையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் அதைக் கொய்னோனியா என்பார்கள். ஐக்கியம் என்று நாம் மொழிபெயர்க்கிறோம். பங்குகொள்ளுதல் என்பதே அதன் நேர்ப்பொருள்.

இந்தச் சொல் வரும் மூன்று இடங்களைக் கவனியுங்கள். லூக்கா 5-ஆம் அதிகாரத்தில், யாக்கோபும் யோவானும் சீமோனுக்குத் தொழிலில் கூட்டாளிகள் என்று சொல்லுமிடத்தில் இச்சொல்லின் குடும்பத்தைச் சேர்ந்த சொல்லே வருகிறது. அதாவது மீன்பிடி பங்காளிகள். அடுத்து, 1 கொரிந்தியர் 10-ஆம் அதிகாரத்தில், நாம் ஆசீர்வதிக்கும் பாத்திரமும் பிட்கும் அப்பமும் கிறிஸ்துவின் இரத்தத்திலும் சரீரத்திலும் பங்குகொள்ளுதல் என்று பவுல் எழுதும்போது இதே சொல்லைப் பயன்படுத்துகிறார். மூன்றாவதாக, ரோமர் 15-ஆம் அதிகாரத்தில், எருசலேமிலுள்ள ஏழைகளுக்காக மக்கெதோனியா, அகாயா நாட்டுச் சபைகள் சேர்த்த தர்மப் பணத்துக்கும் இதே சொல்தான். படகில் பங்கு, பாத்திரத்தில் பங்கு, ஏழையின் பாட்டில் பங்கு ஆகிய மூன்றுக்கும் பரிசுத்த ஆவியானவர் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறார்.

நம் தூத்துக்குடி கடற்கரையாருக்கு இதை விளக்கவே வேண்டாம். கடலுக்குப் போய் வந்த படகில், படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, உழைத்தவர்களுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது அவர்கள் அன்றாடம் செய்வது. கத்தோலிக்க சகோதரர் தங்கள் கோயில் எல்லையைப் "பங்கு" என்றும், குருவைப் "பங்குத்தந்தை" என்றும் அழைப்பதும் நாம் அறிந்ததே. முத்துக்குளித்தலும் அப்படிப்பட்ட தொழிலே. 1961-ஆம் ஆண்டு வரை மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்தது. கல்லைக் காலில் பற்றிக்கொண்டு அடியில் இறங்குகிறவன் ஒருவன், மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவன் ஒருவன். கீழே இருப்பவனுடைய உயிர் மேலே இருப்பவனுடைய கையில் இருந்தது. வெள்ளையர் ஆட்சியில், எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்குப் போக, மீதி ஒரு பங்கு தொழிலாளருக்குக் கிடைத்தது. கொய்னோனியா என்றால் இப்படி ஒரே கயிற்றால் கட்டப்பட்ட வாழ்வு என்று நான் விளங்கிக்கொள்ளுகிறேன்.

கொரிந்து என்னும் துறைமுகம்

திருவிருந்தைப் பற்றிப் பவுல் விரிவாக எழுதியது எருசலேமுக்கு அல்ல, ஒரு துறைமுகப் பட்டணத்துக்கு. கொரிந்துவுக்கு மேற்கே லெக்காயோன், கிழக்கே கெங்கிரேயா என்று இரண்டு துறைமுகங்கள் இருந்தன. கப்பல் சரக்கை ஏற்றுவோரும் இறக்குவோரும், வியாபாரிகளும், அடிமைகளும், விடுதலை பெற்றவர்களும் கூடியிருந்த ஊர் அது. தூத்துக்குடியைப் போன்ற ஓர் ஊர் என்று சொன்னால் தவறாகாது.

அங்கே சபை ஒரு வீட்டில் கூடியது. ஆண்டவருடைய பந்தி ஒரு முழுச் சாப்பாட்டோடு சேர்ந்து நடந்தது. வசதியுள்ளவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை மற்றவர்களுக்குக் காத்திராமல் முந்திச் சாப்பிட்டுவிட்டார்கள். நாள் முழுவதும் எஜமானுக்கு உழைக்கவேண்டியவர்கள் வந்து சேரும்போது அவர்களுக்கு மிஞ்சியது என்னவாக இருந்திருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் பசி, மறுபக்கம் வெறி. "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று நம் ஊரில் வேடிக்கையாகச் சொல்லும் பழமொழி கொரிந்துச் சபையில் மெய்யாக நடந்தது. கி.பி. 55-ஐ ஒட்டி பவுல் எழுதிய கடிதத்தின் 11-ஆம் அதிகாரத்தில் இதைக் கண்டிக்கிறார். இப்படிக் கூடிச் சாப்பிடுவது ஆண்டவருடைய பந்தியே அல்ல என்று அவர் துணிந்து சொல்லுகிறார்.

அபாத்திரமாய்ப் போஜனபானம் பண்ணுதல் என்ற வார்த்தைக்குப் பயந்து திருவிருந்தை விட்டு ஒதுங்குகிற விசுவாசிகள் பலர் உண்டு. தங்களுக்குள் இருக்கும் ஏதோ ஒரு பாவத்தை நினைத்து அஞ்சுகிறார்கள். தன்னைத்தான் சோதித்தறிவது அவசியமே. ஆனால் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தால், பவுல் முதன்மையாகக் கண்டிப்பது வேறு ஒன்றை என்பது விளங்கும். பக்கத்தில் பசியோடு இருக்கிற சகோதரனைக் காணாமல் அப்பத்தை எடுப்பதே அங்கே குற்றம். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே அவர் தரும் தீர்வு.

நம் கடற்கரையில்

இந்த விருந்து நம் கடற்கரைக்கு வந்து ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. 1535 முதல் 1537 வரையுள்ள ஆண்டுகளில் முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவருக்குப் பின் வந்த என்ரீக்கே என்ரீக்கஸ் பாதிரியார் தமிழை ஆழமாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" என்ற நூலைத் தந்தார். அவரே புன்னைக்காயலில் ஏழைகளுக்கென்று ஒரு மருத்துவமனையையும் நடத்தினார் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். நற்கருணையும் நோயாளி பராமரிப்பும் இக்கடற்கரையில் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து வந்தவை. 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தபின் சீர்திருத்த சபையின் ஆராதனையும் இங்கே வந்தது. 1750-இல் அவர்கள் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் கடற்கரைச் சாலையில் இன்றும் நிற்கிறது. 1713-இல் எழுந்த பனிமய மாதா பேராலயமும் அருகிலேயே இருக்கிறது.

ஆயினும், ஒரே அப்பத்தைப் பெற்ற நம் முன்னோர் ஒரே பந்தியில் இருந்தார்களா? இதை மறைக்காமல் சொல்லவேண்டும். தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் சாதிக்கு ஒரு பக்கம் என்று உட்கார்ந்தார்கள், திருப்பந்திக்கும் முன்னும் பின்னுமாகத் தனித்தனியே வந்தார்கள். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், இந்த வேற்றுமையைச் சபையிலிருந்து உடனே நீக்கவேண்டும் என்று கடிதம் எழுதினார். அது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வாசிக்கப்பட்டபோது பலர் சபையை விட்டே விலகினார்கள். கிறிஸ்துவுக்காகச் சொந்தத்தை விட்டு வந்தவர்களால்கூடப் பந்தி வரிசையை விட முடியவில்லை.

நமக்கு இன்னும் அருகில் உள்ள சாட்சி வடக்கன்குளம். 1745-இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. அவர் 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே ஊரில் 1872-இல் ஒரு விசித்திரமான கோயில் கட்டப்பட்டது. ஒரே பீடம், ஆனால் அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு தனிக் கட்டடங்கள் விரிந்தன. வேளாளர் ஒன்றிலும் நாடார் முதலிய மற்றவர்கள் இன்னொன்றிலும் இருந்து ஒரே பூசையைக் கண்டார்கள். குருவானவர் இருபக்கத்தாரையும் பார்க்கலாம், அவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. 1910-இல் கவுசானல் சுவாமியார் பிரிவினைச் சுவரை அகற்றினார். அதை எதிர்த்து ஒரு தரப்பார் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும் அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை.

இந்த நோய் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. சேரன்மகாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததைக் குறித்து 1924, 1925 ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டு அரசியலையே அசைத்தது. சமபந்தி போஜனம் என்ற சொல் நம் நாட்டில் அத்தனை பாரமானது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பதில்தான் நாம் மற்றவரை மனிதராக எண்ணுகிறோமா என்பது வெளிப்படுகிறது. ஆண்டவர் தம்முடைய நினைவுகூருதலைப் பந்தியில் வைத்ததன் ஆழம் தமிழருக்கு விளங்கியதுபோல் வேறு எவருக்கும் விளங்காது. இன்றும் தனிக் கல்லறைத் தோட்டங்கள் உள்ள ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஆகையால் இது முடிந்துபோன சரித்திரம் அல்ல.

ஒன்றாகும்படி

பிரிவினை சாதியால் மட்டும் வரவில்லை, சபைகளாலும் வந்தது. நம் மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா இதைப் பெரும் துயரமாக எண்ணினார். 1912-இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் அத்தியட்சரானார். 1919-இல் தரங்கம்பாடியில் சபைகளின் ஐக்கியத்துக்காகக் கூடிய ஊழியர் கூட்டத்தில் முன்னின்றார். கூடி ஜெபிக்கலாம், ஆனால் ஒரே பந்தியில் முழங்கால்படியிடத் தடைகள் இருந்த காலம் அது. அசரியா 1945 ஜனவரி 1-இல் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். 1947 செப்டம்பர் 27-இல் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாக உருவானதை அவர் கண்ணால் காணவில்லை.

1950-இல் வெளிவந்த நம் திருச்சபையின் திருவிருந்து ஆராதனை முறைமையில், சமாதான வாழ்த்தைக் கையோடு கை சேர்த்து ஒருவருக்கொருவர் கொடுக்கும் பழைய வழக்கம் மீண்டும் இடம்பெற்றது. சீரியக் கிறிஸ்தவர்களிடமிருந்து அது பெறப்பட்டது. பின்னர் உலகத்தின் பல சபைகளும் நம் முறைமையைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. தீண்டாமை இருந்த நாட்டில் திருப்பந்திக்கு வருமுன் பக்கத்திலிருப்பவரின் கையைத் தொடவேண்டும் என்று வைத்தது சிறிய காரியம் அல்ல.

கத்தோலிக்கத் திருச்சபைக்கும் நமக்கும் இன்னும் ஒரே பந்தி இல்லை. 1982-இல் பெரு நாட்டின் லீமாவில் திருமுழுக்கு, நற்கருணை, திருப்பணி ஆகியவற்றைக் குறித்து வெளியிடப்பட்ட அறிக்கை உபதேச ஒற்றுமையில் நெடுந்தூரம் முன்னேறியது. அதை உருவாக்கியதில் கத்தோலிக்க இறையியலாளர்களுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் தடை நீங்கவில்லை. ஆகவே கத்தோலிக்க நோயாளி நற்கருணை கேட்டால், அவருடைய பங்குத்தந்தைக்குச் சொல்லி அனுப்புகிறோம். அவர் வந்து கொடுக்கும்போது நான் அருகில் நின்று ஜெபிப்பதுண்டு. இந்த இடைவெளி மனதுக்கு வேதனையே. ஆனால் அவரவர் மனச்சாட்சியை மதிப்பதும் அன்பின் ஒரு பகுதி.

படுக்கையருகே

கி.பி. 155-ஐ ஒட்டி ரோமாபுரியில் வாழ்ந்த இரத்தசாட்சியான யுஸ்தீன், ஞாயிறு ஆராதனையை விவரித்து எழுதியிருக்கிறார். அதில் இரண்டு காரியங்கள் முக்கியமானவை. வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தையும் இரசத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுத்த பணத்தைச் சபைத் தலைவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் அதைக்கொண்டு திக்கற்றவர்களையும் விதவைகளையும் நோயாளிகளையும் சிறையிலிருப்போரையும் அந்நியரையும் பராமரித்தார். வார்டு திருவிருந்தும் மருத்துவமனைக் காணிக்கையும் அன்று ஒரே ஆராதனையின் இரண்டு கைகளாக இருந்தன.

வாய்வழியாக உட்கொள்ள முடியாத நோயாளிகளைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. வியாதியின் கொடுமையினால் ஒருவர் அப்பத்தையும் இரசத்தையும் பெற முடியாமற்போனாலும், மெய்யாய் மனந்திரும்பி, கிறிஸ்து தமக்காக மரித்தார் என்று விசுவாசித்து நன்றி செலுத்தினால், வாயினால் புசியாதிருந்தும் அவர் கிறிஸ்துவின் சரீரத்தையும் இரத்தத்தையும் பெறுகிறார் என்று போதகர் அவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. மூக்கில் குழாய் வைத்திருக்கும் நோயாளிக்கு இதை நான் சொல்லும்போது, அவர் மட்டுமல்ல, படுக்கையருகே நிற்கும் குடும்பத்தாரும் ஆறுதலடைவதைக் காண்கிறேன். டாக்டரின் கட்டளையை மீறி ஒரு துணுக்கு அப்பம் கொடுப்பது பக்தி அல்ல. மருத்துவரும் ஆண்டவருடைய ஊழியரே.

மதுப்பழக்கத்திலிருந்து விடுபட முயலும் சகோதரருக்கு அப்பத்தை மட்டும் கொடுத்தாலும் அது குறைவான திருவிருந்து அல்ல. முழுக் கிறிஸ்துவையும் அவர் பெறுகிறார். பொதுப் பாத்திரத்தால் தொற்று வருமோ என்ற அச்சம் புதியதல்ல. கிருமிகளைப் பற்றிய அறிவு பரவிய 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அமெரிக்கச் சபைகள் சில தனித்தனிச் சிறு கிண்ணங்களுக்கு மாறின. 2020-இல் கொரோனா பரவி ஆலயங்கள் மூடப்பட்டபோது நாம் எல்லாரும் அந்தக் கேள்வியைச் சந்தித்தோம். சரீரம் பலவீனப்பட்ட நோயாளியிடம் எச்சரிக்கையாயிருப்பது அவிசுவாசம் அல்ல. அந்த எச்சரிக்கை, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்ற கட்டளைக்கு நாம் காட்டும் கீழ்ப்படிதலே.

மரணத்தறுவாயில் இருப்பவருக்குக் கொடுக்கும் நற்கருணையைப் பழைய சபை வழியுணவு என்ற பொருள்படும் லத்தீன் சொல்லால் அழைத்தது. நம் ஊர் வழக்கில் சொன்னால் அது கட்டுச்சோறு. தூரப் பயணம் போகிறவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டோம் அல்லவா?

எல்லாருக்கும் திறந்த வாசல்

திருவிருந்து திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு உரியது. யுஸ்தீன் காலத்திலும் அப்படியே. ஆனால் அந்தப் பந்தியிலிருந்து புறப்படும் இரக்கத்துக்கு எல்லை இல்லை. கி.பி. 370-ஐ ஒட்டி செசரியாவின் அத்தியட்சர் பசில், பட்டணத்துக்கு வெளியே நோயாளிகளுக்கும் குஷ்டரோகிகளுக்கும் வழிப்போக்கருக்கும் இல்லங்கள் கட்டினார். 1870-இல் நாசரேத்தில் தூய லூக்கா மருத்துவமனையைத் தொடங்கியவர்களும் அதே வழியில் நடந்தவர்களே. நமது மருத்துவமனையிலும் இந்து, இஸ்லாமிய சகோதரர் யாரும் மருந்துக்காக ஜெபத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. விலை கேட்டால் அது கிருபை ஆகாது.

பந்தி வைக்கும் மனம் நமக்கு மட்டும் சொந்தமும் அல்ல. 2023 டிசம்பர் 17-இல் பெருமழை பெய்து, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டபோது, பக்கத்துக் கிராமத்தார் தாங்களே வெள்ளத்தில் இருந்தும் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். யார் எவர் என்று கேட்கவில்லை. அதைக் கேட்டபோது தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்தினேன்.

நம் சேகரங்களில் பண்டிகை நாளில் அசனம் வைக்கிறோம். ஏழையும் செல்வனும் தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றை உண்கிறோம். நம் தாய்மார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்து வைக்கிறார்கள். கெங்கிரேயாத் துறைமுகச் சபையின் பெபேயாள் பலருக்கு ஆதரவாயிருந்தாள் என்று பவுல் சாட்சி கொடுக்கிறார். இவை யாவும் திருப்பந்தியின் நீட்சி.

பிரியமானவர்களே, அடுத்த முறை திருப்பந்திக்கு முன் கைகளை நீட்டி முழங்கால்படியிடும்போது, உங்கள் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் இருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். எழுந்துவர முடியாமல் படுக்கையில் கிடப்பவர்களும் அதே வரிசையில்தான் இருக்கிறார்கள். காணிக்கைப் பையில் நீங்கள் போடுவது பவுல் சொன்ன அதே கொய்னோனியா. அது தர்மம் என்பதைவிட, ஒரே கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பது என்று சொல்வதே பொருத்தம். கயிற்றைத் தளரவிடாமல் பிடித்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்காகவும் தினமும் காலை ஜெபத்தில் ஆண்டவரைத் துதிக்கிறோம். நோயாளிகளுக்காகவும், டாக்டர்கள், நர்சுகள், மற்ற ஊழியர்கள் யாவருக்காகவும் தொடர்ந்து ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை குருவானவர்